‘டிரான்ஸ்’ ஆல்பத்தைப் பாதியில் நிறுத்திய நம் இசைவட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் சார் அவர்களுக்கும், செயற்குழுவில் உள்ள மற்றவர்களுக்கும்,

கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங்கின் வரிசையில் ‘டிரான்ஸ்’ ஆல்பத்தை இனிப் போடுவதில்லை, 1979-ல் வந்த ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ஸுக்கு அப்புறம் நேராக 1989-ன் ‘ஃப்ரீடம்’ ஆல்பத்துக்குப் போய்விடலாம் என்று குழு முடிவெடுத்திருப்பதாகப் போன வாரம் உறுப்பினர்களுக்குச் செய்தி அனுப்பினீர்கள். ஆண்டு மலரில் அந்த ஆல்பத்துக்கு ஒரே ஒரு வரிதான் என்றும் அதில் இருந்தது: “தோற்றுப்போன பரிசோதனை, கேட்டவர்கள் யாரும் ஏற்கவில்லை.” அந்த வரியின் பின்பாதி உண்மையில்லை. கேட்டவர்கள் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் கருத்துச் சீட்டுகளை வாங்கித் தட்டச்சு செய்து உங்களிடம் தருவது நான்தான்.

அன்றைக்கு வராதவர்களுக்காக, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் நாம் வழக்கமாகக் கூடும் அதே மாடி ஹால். முதல் பாட்டு ‘லிட்டில் திங் கால்டு லவ்’. சாதாரணக் குரல், காலால் தாளம் போடவைக்கும் மெட்டு. எல்லோரும் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தோம். இரண்டாவதாக ‘கம்ப்யூட்டர் ஏஜ்’ வந்தது. குரல் தகரம் போல மாறியதும் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. மூன்றாவது பாட்டில் ஒரே பேச்சு, நாற்காலி இழுக்கும் சத்தம், காபிக்கு எழுந்து போகிறவர்கள். நான்காவதான ‘டிரான்ஸ்ஃபார்மர் மேன்’ பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசியைத் தூக்கிவிட்டீர்கள். “போதும், பாவம், எல்லாரையும் ஏன் படுத்தணும்” என்று தலைவர் சார் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பதிலாக 1972-ன் ‘ஹார்வெஸ்ட்’ போட்டீர்கள். கைதட்டல்.

அந்தத் தட்டில் இருப்பது ஒன்பது பாட்டுகள். நாம் கேட்டது மூன்றரை. மறுபக்கத்தைத் திருப்பவேயில்லை. ‘சாம்பிள் அண்ட் ஹோல்டு’ அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அறுபதுகளில் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழுவில் இருந்தபோது அவர் எழுதிய ‘மிஸ்டர் சோல்’ பாட்டை அவரே இயந்திரக் குரலில் மறுபடி பாடியிருப்பதும் அங்கேதான். பழைய நீல் யங் வேண்டும் என்று கேட்டவர்களுக்கே அது பெரிய விருந்தாக இருந்திருக்கும். கடைசியில் வரும் ‘லைக் அன் இன்கா’ கிட்டத்தட்ட பத்து நிமிடம், அவருடைய சொந்தக் குரலிலேயே ஓடும். இதில் எதையும் கேட்காமல் முழு ஆல்பத்துக்கும் எப்படி ஒரு வரியில் தீர்ப்பு எழுத முடிகிறது?

சரி, சீட்டுகளுக்கு வருகிறேன்.

கடுமையான சீட்டுகள் நிறைய இருந்தன. அதை மறைக்கப் போவதில்லை. மெட்ரோ ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லும் குரல் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நேரம் வீண் என்று இரண்டே சொல்லில் முடித்தவர்கள் உண்டு. நம் வட்டத்தில் தொடக்கத்திலிருந்து இருக்கும் ஒரு மூத்த உறுப்பினர், தன் வாழ்க்கையின் மோசமான ஒரு காலத்தில் இந்தப் பாடகரின் குரல்தான் தன்னைத் தாங்கியது என்றும், அந்தக் குரலை மறைத்துவிட்டு வருவதைத் தன்னால் சகிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தச் சீட்டை நான் மதிக்கிறேன். அது வலித்து எழுதியது. கேலி செய்து எழுதியதோடு அதைச் சேர்க்கக் கூடாது.

ஆனால் நீங்கள் கூட்டத்தில் வாசித்தது கேலிச் சீட்டுகளை மட்டும்தான். வாசிக்காமல் விட்டவற்றைச் சொல்கிறேன்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் சீட்டின் இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தார். இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காகவும் எழுதியிருந்தார். அந்தக் குரலை உண்டாக்கிய வோகோடர் என்ற கருவி இசைக்காகப் பிறந்ததே இல்லை, தொலைபேசிக்காகப் பிறந்தது என்று அவர் விளக்கியிருந்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி 1930-களில் உருவாக்கியது. மனிதப் பேச்சைப் பல அலைவரிசைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எந்த நேரத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை மட்டும் அளந்து அனுப்பினால் போதும், மறுமுனையில் பேச்சைத் திரும்பக் கட்டிவிடலாம் என்பதுதான் அடிப்படை. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுத் தலைவர்களின் ரகசியத் தொலைபேசிப் பேச்சுக்கும் இந்த முறைதான் பயன்பட்டது. இசைக்கு வந்தபோது, அந்த அளவுகளைக் கீபோர்டின் ஒலி மேல் ஏற்றினார்கள். சுருதியைக் கொடுப்பது கீபோர்டு, சொல்லைக் கொடுப்பது பாடகரின் வாய். பெரியவர் இப்படி முடித்திருந்தார்: “பாடுகிறவர் வாயை மூடினால் இந்தக் கருவியும் ஊமை. ஆகவே இது மனிதக் குரல் இல்லை என்று சொன்னவர்களுக்கு விவரம் தெரியவில்லை.” நம் வட்டத்தில் யாருக்கு இவ்வளவு தெரியும்? இதை வாசித்திருந்தால் சிரித்தவர்களில் பாதிப் பேர் மறுபடி கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார்கள்.

லேப்டாப்பில் பீட் போடும் ஒரு கல்லூரிப் பெண், ஜெர்மனியின் மின்னணு இசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கை நீல் யங் நன்றாகக் கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது, ஆனாலும் கிட்டாரைக் கைவிடவில்லை, இரண்டும் உரசும் இடம்தான் தனக்குப் பிடித்தது என்று எழுதியிருந்தார். மகனுக்குத் துணையாக வந்த, கர்நாடக சங்கீதம் தவிர வேறெதுவும் கேட்டுப் பழகாத ஒரு மாமி, நாலே வரியில் எழுதியது இது: “வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் யாரோ யாரையோ விடாமல் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அந்தக் கடைசிப் பாட்டை நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.”

அந்த மாமிக்கு இந்த ஆல்பத்தின் கதை ஒரு துளியும் தெரியாது. ஆனாலும் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். கதை தெரிந்திருக்க வேண்டிய நாம்தான் தொடவில்லை. அதைச் சுருக்கமாக ஒரு தாளில் எழுதி, நிகழ்ச்சிக்கு முன் வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நேரமில்லை என்று மேசையிலேயே வைத்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீல் யங்குக்கே ஐந்து வயதில், 1951-ல், போலியோ வந்தது. அவருடைய மூத்த மகனுக்கு லேசான மூளை முடக்குவாதம். 1978-ல் பிறந்த இரண்டாவது மகன் பென்னுக்கு அதே பாதிப்பு மிகக் கடுமையாக. கை கால் வசப்படாது, பேச்சு வராது. 1980 வாக்கில் அவரும் மனைவி பெகியும் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஒரு நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார்கள். குழந்தையின் கைகால்களைப் பிடித்துத் தவழும் அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. வீட்டிலேயே, நாள் முழுக்க, வாரத்தில் எல்லா நாளும். அந்த முறையால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் பெற்றோருக்கு அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்துபார்க்கத்தான் தோன்றும். பகல் முழுக்க மகனோடு, மிஞ்சிய நேரத்தில் இசை. அந்த நாட்களை ஒட்டிப் பிறந்ததுதான் ‘டிரான்ஸ்’. 1982 முடிந்து 1983 பிறக்கும் வேளையில் வெளிவந்தது. சென்ஹைசர் கம்பெனியின் வோகோடரும் சின்க்ளேவியர் என்ற கணினிக் கீபோர்டும் அதில் முக்கியக் கருவிகள்.

நாம் பாதியில் நிறுத்திய ‘டிரான்ஸ்ஃபார்மர் மேன்’ பென்னுக்காக எழுதியது. பொத்தானை அழுத்தி ஓர் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து அப்பா பாடுவது. பாட்டின் சொற்கள் கேட்பவருக்குப் புரியாமல் போவது தெரிந்தே செய்தது. என் மகன் சொல்வது எனக்குப் புரியவில்லை, அது எப்படி இருக்கும் என்று நீங்களும் உணருங்கள் என்ற பொருளில் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆல்பம் வந்த காலத்தில் இதையெல்லாம் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார். அதனால் அன்றைய ரசிகர்கள் குழம்பியதில் நியாயம் இருந்தது. நமக்கு அந்த நியாயம் கிடையாது. விவரம் வெளிவந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இனி என் வீட்டு விஷயம். என் தம்பியை உங்களுக்குத் தெரியும். சக்கர நாற்காலியில் வந்து கடைசி வரிசை ஓரத்தில் இருப்பான். முப்பதை நெருங்குகிறான். பென்னுக்கு இருக்கும் அதே பாதிப்புதான், பேச்சு கிடையாது. சிறு வயதில் அம்மா அவனைப் பாயில் போட்டு, கால்களை மடக்கி நீட்டி, எண்ணிக்கை சொல்லிச் சொல்லிப் பயிற்சி கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் அந்த ஆல்பம் எந்த வீட்டில் பிறந்திருக்கும் என்பது எனக்கு யாரும் விளக்காமலே தெரியும்.

இந்த விஷயத்தில் சென்னைக்குச் சொந்தமாக ஒரு பெருமை இருக்கிறது. கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் என்ற அமைப்பு எண்பதுகளிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்து வருகிறது. பேச முடியாதவர்கள் படத்தைத் தொட்டால் சொல்லாக ஒலிக்கும் ‘ஆவாஸ்’ என்ற கருவி, 2010 வாக்கில், இதே ஊரில்தான் உருவாகி வெளியே போனது. என் தம்பியும் அது மாதிரி ஒரு டேப்லெட்டில்தான் பேசுகிறான். விரல் நீளாது. மடங்கிய கையின் முட்டியால் திரையைத் தொட வேண்டும். கை முதலில் பக்கவாட்டில் போகும், திரும்பி வரும், படத்துக்கு மேலே நின்று நடுங்கும், அப்புறம்தான் விழும். பெரும்பாலும் அதற்குள் எதிரில் இருப்பவர் அவன் சொல்ல வந்ததைத் தானே ஊகித்துச் சொல்லி முடித்துவிடுவார். அது தப்பாக இருந்தால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த டேப்லெட்டின் குரலும் தகரக் குரல்தான். எங்கள் வீட்டில் அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. அது அவன் பேசும் குரல்.

அன்று ‘டிரான்ஸ்ஃபார்மர் மேன்’ தொடங்கியதும் அவன் கூடவே குரல் கொடுத்தான். உங்களுக்கு அது இரைச்சல். எனக்கு அது அவன் சந்தோஷப்படும்போது மட்டும் எழுப்பும் சத்தம், தொண்டையிலிருந்து மேலே ஏறி ஒரே சுருதியில் நிற்கும். வீட்டில் எத்தனையோ பாட்டு ஓடுகிறது. எதற்கும் அவன் இப்படிச் சேர்ந்து இழுத்ததில்லை. முன்வரிசையிலிருந்து குழுவைச் சேர்ந்த ஒருவர் எழுந்து வந்து, “கொஞ்ச நேரம் வெளியில வச்சிருங்களேன்மா, மத்தவங்களுக்கு டிஸ்டர்ப் ஆகுது” என்றார். மூன்றாவது பாட்டு முழுக்க அரட்டை அடித்தவர்களிடம் யாரும் எழுந்து போகவில்லை. நான் பதில் சொல்வதற்குள் ஊசியைத் தூக்கிவிட்டீர்கள். தம்பி டேப்லெட்டில் கையைக் கொண்டுபோய், நேரம் எடுத்து, ஒரு படத்தை அழுத்தினான். “இன்னும்” என்று அது சொன்னது. மறுபடி அழுத்தினான். “இன்னும்.” ‘ஹார்வெஸ்ட்’ தொடங்கிய பிறகும் அழுத்திக்கொண்டிருந்தான்.

அதை ஒரு சீட்டில் எழுதி, யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்றும் குறித்து, மற்றவற்றோடு சேர்த்துத் தட்டச்சு செய்து கொடுத்தேன். குழுவிலிருந்து வந்த பதில்: உறுப்பினர் தன் கையால் எழுதிய சீட்டுதான் கணக்கில் வரும். தம்பி சந்தா கட்டிய உறுப்பினர். அவன் கையால் எழுத முடியாது என்பதும் குழுவுக்குத் தெரியும். அப்படியென்றால் அவன் கேட்டது எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்லுங்கள். பேச்சு வராத ஒரு பிள்ளைக்காக எழுதிய ஆல்பம். பேச்சு வராத ஒருவன் அதைக் கேட்டு, இன்னும் வேண்டும் என்று சொல்கிறான். அந்த ஹாலில் அன்று அந்த ஆல்பத்தைப் பற்றி வந்த கருத்துகளில் இதைவிடப் பொருத்தமானது எது? அதைத்தான் செல்லாது என்கிறீர்கள். சீட்டை ஒதுக்கிய பிறகு, கேட்டவர்கள் யாரும் ஏற்கவில்லை என்று அச்சடிக்கப் போகிறீர்கள்.

குழுவின் செய்தியில் இன்னொரு காரணமும் இருந்தது: இது நீல் யங் மாதிரியே இல்லை. இந்தக் காரணம் பழையது. அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கெஃபன் 1983-ல் இதையே சொல்லி அவர் மேல் வழக்குப் போட்டது. ‘டிரான்ஸ்’ ஆல்பமும் அதற்கு அடுத்து வந்ததும் வியாபாரத்துக்கு ஒத்துவராதவை, அவருடைய முந்தைய இசைக்குச் சம்பந்தமில்லாதவை, ஆகவே 33 லட்சம் டாலர் நஷ்ட ஈடு வேண்டும் என்று. அவர் 2 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது, டேவிட் கெஃபன் அவரிடம் மன்னிப்பும் கேட்டார். பணம் போட்ட கம்பெனிக்காவது நஷ்டக் கணக்கு இருந்தது. இசையைக் கேட்பதற்காக மட்டுமே மாதம் ஒருமுறை கூடும் நாம், ஒரு கலைஞர் தன்னைப் போலவே இருக்க வேண்டும் என்று ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. எண்பதுகளில் ஒரு சிறுவன் மின்சார மாண்டலினோடு கச்சேரி மேடையேறியபோது, இந்தக் கருவியில் கமகம் வருமா என்று முகம் சுளித்தவர்கள் இதே மயிலாப்பூரிலும் இருந்தார்கள். அவரைத்தான் பின்னர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியை வைத்துச் செய்த இசைத்துணுக்கை இன்றைக்கும் செல்போனில் வைத்திருப்பவர்கள் நம் வட்டத்திலேயே உண்டு. குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் ஏறாத சினிமாப் பாட்டு இன்று ஒன்றாவது கிடைக்குமா? ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இயந்திரம் ஏறிய குரலைத்தான் கேட்கிறோம். அங்கெல்லாம் வராத சிரிப்பு இங்கே மட்டும் வந்ததற்குக் காரணம் குரல் இல்லை. வேறொன்றை எதிர்பார்த்து வந்திருந்தோம், அவ்வளவுதான்.

இதே 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் ஒரு டிரம் மெஷினையும் இரண்டு ரோலண்ட் சிந்தசைசர்களையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு பதிவு செய்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் அது மறுபதிப்பு வந்தபோது, சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே கருவிகளில் அதே மாதிரியான ஒலியை இவர் தொட்டிருக்கிறாரே என்று உலகம் முழுக்க ஆச்சரியப்பட்டார்கள். போன ஆண்டு அந்தத் தட்டை நம் வட்டத்தில் போட்டு, இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டோமே என்று தலைவர் சார் வருத்தப்பட்டுப் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்டு மனம் நெகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த மனசைத்தான் இப்போதும் கேட்கிறேன்.

‘டிரான்ஸ்’ குறையே இல்லாத ஆல்பம் என்று நான் வாதாடவில்லை. வோகோடர் பாட்டுகள் ஆறுக்கு நடுவே, ஹவாயில் வேறொரு ஆல்பத்துக்காகப் பதிவு செய்த மூன்று பாட்டுகளைச் செருகியிருக்கிறார். அந்த மூன்றும் நல்ல பாட்டுகளே, ஆனால் மற்ற ஆறோடு ஒட்டவில்லை. முதல் பாட்டாகவே அப்படி ஒன்றை வைத்ததால் கேட்பவர் தவறான இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். ‘வி ஆர் இன் கன்ட்ரோல்’ எனக்கே அலுப்பூட்டுகிறது. இதையெல்லாம் நம் கூட்டத்தில் பேசியிருக்கலாம், சண்டையே போட்டிருக்கலாம். முழுதாகக் கேட்டபின் தோற்றுப்போன ஆல்பம் என்று குழு எழுதினால் அதோடு நான் உடன்பட மாட்டேன், ஆனால் மதிப்பேன். 1989-ல் நீல் யங் பாட்டுகளை மற்ற குழுக்கள் பாடி ஓர் அஞ்சலி ஆல்பம் வந்தபோது, சோனிக் யூத் என்ற ராக் குழு அவருடைய அத்தனை பாட்டுகளுக்குள்ளும் தேடி எடுத்தது ‘கம்ப்யூட்டர் ஏஜ்’ பாட்டை. நாம் சிரித்தோமே, அதே பாட்டு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பென்னுக்கு ஏற்ற பள்ளி கிடைக்காததால் பெகி யங் வேறு இருவரோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் பிரிட்ஜ் ஸ்கூலைத் தொடங்கினார். பேச்சு வராத பிள்ளைகள் கருவிகள் மூலம் பேசக் கற்கும் பள்ளி. அதற்கு நிதி திரட்ட 1986-ல் தொடங்கி 2016 வரை கச்சேரிகள் நடந்தன. அந்தக் கச்சேரிகளில் பிள்ளைகள் மேடையிலேயே, பாடுகிறவர்களுக்குப் பின்னால், தங்கள் சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எழுப்பும் சத்தமும் கச்சேரியோடு சேர்ந்துதான் கேட்கும். அங்கே அவர்களுக்கு மேடையில் இடம். அதே நீல் யங்கின் பாட்டுக்கு நம் ஹாலில் என் தம்பியை வராந்தாவுக்குப் போகச் சொன்னார்கள்.

குழுவிடம் நான் கேட்பவை இவை.

‘டிரான்ஸ்’ ஆல்பத்தை வரிசையிலிருந்து நீக்கிய முடிவைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த இரண்டு கூட்டங்களில் ஒன்றில் ஒன்பது பாட்டுகளையும், நடுவில் பேச்சு இல்லாமல், இரண்டு பக்கமும் முழுதாகப் போடுங்கள். மொத்தமே முக்கால் மணி நேரத்துக்குள்தான் வரும். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, தொலைபேசித் துறைப் பெரியவரை வோகோடர் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்திருக்கிறார். பென் பற்றிய குறிப்பை நான் வாசிக்கிறேன், அல்லது குழுவில் யார் வாசித்தாலும் சரி. பிடிக்காதவர்கள் அன்று வராமல் இருக்கலாம், நடுவில் எழுந்து போகலாம். போடுவதை நிறுத்த வேண்டாம்.

ஆண்டு மலருக்கான அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் சீட்டுகளைப் பதிப்பியுங்கள். எல்லாவற்றையும், கேலி செய்தவற்றையும் சேர்த்து, எழுதினவர் பெயர் போடாமல். இடம் போதாதென்றால் என் பெயரில் வரவிருக்கும் கட்டுரையை எடுத்துவிட்டு அந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்த பிரதி என்னிடம் தயாராக இருக்கிறது.

கையால் எழுதிய சீட்டு மட்டுமே செல்லும் என்ற விதியை மாற்றுங்கள். டேப்லெட்டில் சொன்னாலும், வாயால் சொல்லி இன்னொருவர் எழுதினாலும், அது அந்த உறுப்பினரின் கருத்துதான் என்று விதியிலேயே எழுதிவையுங்கள். கண்பார்வை மங்கிய மூத்த உறுப்பினர்கள் சிலருக்கும் இது தேவைப்படுகிறது. அவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள். இந்த மாற்றத்தை முன்தேதியிட்டு, என் தம்பியின் சீட்டையும் அந்தக் கூட்டத்தின் கணக்கில் சேருங்கள்.

சக்கர நாற்காலிக்கு நடு வரிசையில், நடைபாதையை ஒட்டி, இரண்டு இடம் நிரந்தரமாக விடுங்கள். கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வலது பக்க ஸ்பீக்கர் சரியாகக் கேட்பதில்லை. பாட்டுக்குச் சேர்ந்து குரல் கொடுக்கிறார் என்பதற்காக எந்த உறுப்பினரையும் வெளியே அனுப்புவதில்லை என்று கூட்டத் தொடக்கத்தில் ஒருமுறை அறிவியுங்கள். அன்று எழுந்து வந்தவர் யார் என்று இங்கே எழுதவில்லை. அவர் என் தம்பியிடம் நேரில் ஒரு வார்த்தை பேச வேண்டும். பதிலுக்கு அவன் டேப்லெட்டில் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக நிற்க வேண்டும்.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். அது வரும்வரை இந்த மாதச் சீட்டுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறேன். சீட்டுகள் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. குழுவில் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படித்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வட்டத்தின் உறுப்பினர்,
மந்தைவெளி, சென்னை